வீட்டுப் பட்டறையில் கேமரா: நினைவகச் சில்லு முதல் ரிப்பன் கேபிள் வரை

மின்னணுக் கடைகளில் கேமரா மாட்யூல் என்ற பெயரில் விற்கப்படுவது மூன்று பொருள்களின் தொகுப்பு: ஒரு படவுணரிச் சில்லு, அதன்மேல் பொருத்திய சிறு வில்லை, அடியில் ஒரு மின்சுற்றுப் பலகை. மொத்தமும் ஓர் அஞ்சல் தலை அளவுதான். பறவைக் கூட்டைக் கண்காணிக்கும் பெட்டி, தரையில் வரைந்த கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ, வாசலில் நிற்பவரைக் காட்டும் கருவி என்று மாணவர்களும் ஆர்வலர்களும் வீட்டிலேயே செய்யும் பல கருவிகளில் இன்று இது இடம்பெறுகிறது. கேபிளைச் செருகி, இரண்டு வரிக் கட்டளை கொடுத்தால் படம் வந்துவிடும்.

இந்த எளிமை உருவாக ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கேமராவைப் பொருத்துவது எளிதாக ஆக, பொருத்துபவருக்குப் புரியாத பகுதி அதனுள் பெருகிக்கொண்டே வந்தது. தொடக்க காலத்தில் ஆர்வலர் ஒருவர் ஒளி எண்ணாக மாறும் இடம் வரை தம் கையாலேயே செய்தார். பிற்காலத்தில் அவர் கையில் எஞ்சியது கேபிள் மட்டுமே. இழந்ததில் ஒரு பகுதி அண்மையில்தான் திரும்பக் கிடைத்திருக்கிறது.

மூடியைக் கழற்றிய நினைவகம்

அமெரிக்காவின் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழ் 1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 என்ற கணினியை அட்டைப்படத்தில் வெளியிட்டது. வீட்டுக் கணினி வரலாற்றை எழுதுவோர் அனைவரும் அந்த இதழைக் குறிப்பிடுவர். அடுத்த மாதம், பிப்ரவரி இதழில் வந்த கட்டுரையை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெர்ரி வாக்கர், ஹாரி கார்லண்ட், ரோஜர் மெலன் ஆகிய மூவரும் வடிவமைத்த சைக்ளோப்ஸ் என்ற கேமராவின் செய்முறை அதில் இருந்தது. ஒற்றைக் கண் கொண்ட கிரேக்கத் தொன்ம அரக்கனின் பெயர் அது.

அந்தக் காலத்தில் ஆர்வலர்கள் கைக்கு எட்டும் விலையில் படவுணரி கிடைக்கவில்லை. எனவே இவர்கள் ஒரு கணினி நினைவகச் சில்லை எடுத்து, அதன் ஒளிபுகா மூடியை அகற்றிவிட்டுக் கண்ணாடி மூடியைப் பொருத்தினர். அதன் முன்னே ஒரு வில்லையை வைத்தனர். கேமரா ஆயிற்று.

இது எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனெனில் இன்றைய படவுணரிகளையும் புரிந்துகொள்ள இதுவே நல்ல வழி. இவ்வகை நினைவகத்தின் ஒவ்வோர் அறையும் மிக நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காததுபோல், இந்த மின்னூட்டமும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நினைவகத்தை நொடிக்குப் பலமுறை புதுப்பிக்க வேண்டும். சிலிக்கான்மீது ஒளி பட்டால் அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, கசிவு விரைவாகிறது. சில்லுகளை ஒளிபுகாமல் மூடி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நினைவகத்தைச் செய்தவர்களுக்குக் குறையாகத் தோன்றிய ஒன்றைத்தான் இந்த மூவரும் பயன்படுத்திக்கொண்டனர். எல்லா அறைகளிலும் 1 என எழுதிவிட்டு, சிறிது நேரம் புதுப்பிக்காமல் விட்டு, பிறகு படித்துப் பார்த்தால், ஒளி மிகுந்த இடங்களில் உள்ள அறைகள் 0 ஆகியிருக்கும். இருண்ட இடங்களில் 1 அப்படியே இருக்கும். வெவ்வேறு கால இடைவெளிகளில் பலமுறை படித்தால், எது முதலில் மாறியது, எது பிறகு மாறியது என்பதிலிருந்து சாம்பல் நிறப் படிநிலைகளும் கிடைக்கும்.

சில்லில் இருந்தவை 1024 அறைகள். எனவே படம் 32 வரிசை, 32 நெடுவரிசை. ஒரு முகத்தை முகம் என்று அடையாளம் காணலாம். இன்னார் முகம் என்று சொல்வது கடினம். ஆனாலும் இதில் ஒரு பெரிய வசதி இருந்தது. அனலாக் அளவை எண்ணாக மாற்றும் தனிச் சில்லு இதற்குத் தேவையில்லை. நினைவகம் பிறவியிலேயே 0, 1 என்று பேசுவதால், படமும் எண்ணாகவே வெளிவந்தது.

இதழில் வந்த செய்முறையில் படத்தை ஆசிலாஸ்கோப் திரையில்தான் பார்க்க வேண்டியிருந்தது. மெலனும் கார்லண்டும் தாங்கள் தங்கியிருந்த குரோதர்ஸ் மெமோரியல் விடுதியின் பெயரைச் சுருக்கி குரோமெம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1976இல் இதை ஆல்டேர் கணினியுடன் இணைக்கும் பலகைகளை விற்றனர்.

அதே 1975ஆம் ஆண்டின் டிசம்பரில், ரோசெஸ்டர் நகரிலிருந்த கோடாக் நிறுவனத்தில் 25 வயதுப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் வேறொரு கேமராவை உருவாக்கினார். சூப்பர் 8 திரைப்படக் கேமராவின் வில்லை, பேர்சைல்டு நிறுவனத்தின் 100×100 புள்ளிகள் கொண்ட சி.சி.டி. உணரி, 16 நிக்கல் காட்மியம் மின்கலங்கள், ஒரு கேசட் நாடா. எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 நொடிகள். நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்தது என்றாலும், அங்கும் இங்கும் கிடைத்த உதிரிகளைச் சேர்த்த விதத்தைப் பார்த்தால் இதுவும் ஒரு வீட்டுப் பட்டறை வேலைதான்.

உலகின் முதல் எண்ணிமக் கேமரா சாசனுடையது என்றே பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. சைக்ளோப்ஸ் அதற்குப் பத்து மாதங்கள் முன்பே அச்சில் வந்துவிட்டது. ஆனால் சாசனின் கருவியே எங்கும் எடுத்துச் செல்லக்கூடியது, படத்தைச் சேமித்து வைக்கக்கூடியது. கேமரா என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஒரு வேறுபாட்டை மட்டும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: சாசனின் கேமராவை வெளியார் பல ஆண்டுகள் அறியவில்லை, சைக்ளோப்ஸின் சுற்று வரைபடத்தை இதழ் வாங்கிய எவரும் பார்த்துச் செய்யலாம்.

நினைவகத்தைக் கண்ணாக்கும் இந்த உத்தி அதோடு முடிந்துவிடவில்லை. மைக்ரான் நிறுவனம் கண்ணாடி மூடியுடனேயே ஆப்டிக்ராம் என்ற நினைவகச் சில்லை விற்றது. அதைக் கொண்டு கேமரா செய்யும் முறையை 1983இல் பைட் இதழில் ஸ்டீவ் சியார்சியா எழுதினார்.

சி.சி.டி.யிலிருந்து சீமாஸுக்கு

1980களில் வீடியோ கேமராக்களில் இடம்பிடித்தது சி.சி.டி. இதன் படம் துல்லியமானது. ஆனால் இயங்கப் பல வகை மின்னழுத்தங்கள் வேண்டும், கூடவே துணைச் சில்லுகளும் வேண்டும். வீட்டில் கருவி செய்பவருக்கு அது தலைவலி. ஆகவே அவர்கள் விலைக்கு வாங்கிய முழு வீடியோ கேமராவைக் கணினியோடு இணைத்தனர். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிக் குடுவை. தொலைவில் இருக்கும் அறையில் குடுவை காலியாக இருக்கிறதா என்று எழுந்து போகாமலே தெரிந்துகொள்ள 1991இல் அதன் எதிரே கேமராவை வைத்து, 128×128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஆய்வகக் கணினிகளில் தெரியச் செய்தனர். 1993 நவம்பரில் அது இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. இங்கே கேமரா விலைக்கு வாங்கியது, மென்பொருள்தான் கையால் செய்தது. வேலை கம்பியிலிருந்து மென்பொருளுக்கு நகரத் தொடங்கிவிட்டது.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் டெனியரின் குழுவும், அமெரிக்காவின் ஜெட் உந்துகை ஆய்வகத்தில் எரிக் பாசமின் குழுவும் சீமாஸ் வகைப் படவுணரிகளை மேம்படுத்தினர். சாதாரணச் சில்லுகள் செய்யும் அதே முறையில் இவற்றையும் செய்யலாம். உணரி, கட்டுப்பாட்டுச் சுற்று, அளவை எண்ணாக்கும் சுற்று எல்லாம் ஒரே சில்லில் அடங்கும். பாசம் எண்ணியது விண்கலங்களுக்கான சிறு கேமராவை. அது கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம் சட்டைப்பை.

வீட்டுப் பட்டறைக்கு இந்த உணரிகள் முதலில் நேர்வழியில் வரவில்லை. 1998இல் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் விளையாட்டுக் கருவிக்கு ஒரு கேமராவை விற்றது. அதிலிருந்த மிட்சுபிஷி உணரிக்கும் 128×128 புள்ளிகள்தான். விளையாட்டுப் பொருளைப் பிரித்து உணரியை எடுத்து, ரோபோவில் பொருத்தினர் ஆர்வலர்கள்.

2000களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சிஎம்யூகேம் என்னும் பலகை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆம்னிவிஷன் நிறுவனத்தின் உணரி ஒன்றை ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டுச் சில்லுடன் இணைத்திருந்தனர். அந்தச் சில்லின் நினைவகம் வெறும் 136 பைட்டுகள். ஒரு முழுப் படம் என்ன, ஒரு வரியைக்கூட அதில் முழுதாக வைக்க இயலாது. எனவே உணரியிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக வரும்போதே, இது தேடும் நிறமா, இல்லையா என்று பார்த்து, ஆம் என்றால் அதன் இடத்தைக் கூட்டலில் சேர்த்துவிட்டு, புள்ளியை மறந்துவிடும். வரிகள் முடிந்ததும் அந்த நிறப் பொருளின் நடுவிடம் எங்கே என்ற எண்கள் மட்டும் தொடர்வடம் வழியாக வெளியே வரும். சிவப்புப் பந்தைத் துரத்தும் ரோபோவுக்கு அதுவே போதும்.

சிறு கேமரா மலிவானதற்கு ஆர்வலர்கள் காரணம் அல்லர், கைப்பேசியே காரணம். 1997 ஜூன் 11 அன்று கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் மகள் பிறந்த மருத்துவமனையிலேயே பிலிப் கான் என்பவர் ஒரு காசியோ கேமரா, மோட்டோரோலா கைப்பேசி, மடிக்கணினி மூன்றையும் சால்டரிங் செய்து இணைத்துக் குழந்தையின் படத்தை உறவினர், நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். சில ஆண்டுகளிலேயே கேமராவுடன் கைப்பேசிகள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அதன்பின் கோடிக்கணக்கில் கேமரா மாட்யூல்கள் உற்பத்தியாயின, விலை சரிந்தது. அவற்றைக் கைப்பேசியின் செயலியோடு இணைக்கும் முறையும் சி.எஸ்.ஐ. என்ற பெயரில் பொதுத் தரமானது.

ஆனால் அந்தத் தரம் கைப்பேசி நிறுவனங்களுக்கானது. உணரியின் விவரக் குறிப்புகள் இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுக்கே கிடைத்தன. மலிவான கண் உலகெங்கும் இருந்தது. தனி ஆளால் அதைத் தொட முடியவில்லை.

ராஸ்பெரி பையின் ரிப்பன் கேபிள்

காபிக் குடுவையைப் பார்த்த அதே கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தோடு தொடர்புடைய ஈபன் அப்டனும் அவருடைய தோழர்களும் மாணவர்களுக்காக உருவாக்கிய மலிவுக் கணினி ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபோதே அதன் பலகையில் கேமராவுக்கான ஒரு கவ்வி இருந்தது, பொருத்தத்தான் எதுவும் இல்லை. 2013 மே மாதம் கேமரா வந்தது: ஆம்னிவிஷனின் 50 இலட்சம் புள்ளி உணரி, 25 மில்லிமீட்டர் அகலப் பலகை, எடை சுமார் 3 கிராம், விலை 25 டாலர்.

இதை யூஎஸ்பி வழியாக இணைக்காமல் ரிப்பன் கேபிளால் இணைப்பதற்குக் காரணம் உண்டு. 1920×1080 புள்ளிகள், நொடிக்கு 30 படங்கள், புள்ளிக்கு 10 பிட்டுகள் என்று பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 62 கோடி பிட்டுகள் வரும். அந்நாளைய யூஎஸ்பியின் உச்ச வேகம் 48 கோடி. கேபிளில் உள்ள 15 கம்பிகளில் 6 கம்பிகள் இரட்டை இரட்டையாகப் படத்தரவையும் அதற்கான தாளத்துடிப்பையும் சுமக்கின்றன. 4 கம்பிகள் தரையிணைப்பு. 2 கம்பிகள் வழியாகக் கணினி உணரிக்கு ஆணையிடுகிறது. 2 கட்டுப்பாட்டுக்கு. எஞ்சிய 1, 3.3 வோல்ட் மின்சாரம்.

பொருத்தும்போது மாணவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்தக் கேபிளைச் சார்ந்தவையே. கவ்வியின் பிளாஸ்டிக் தாழ்ப்பாளை இரு முனையிலும் மெல்லத் தூக்கி, கேபிளைக் கோணாமல் நேராக இறக்கி, தாழ்ப்பாளை அழுத்த வேண்டும். முழு அளவுப் பழைய பலகைகளில் நீலப்பக்கம் ஈதர்நெட் துளையை நோக்கியும், பளபளக்கும் பக்கம் எச்டிஎம்ஐ துளையை நோக்கியும் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் கணினி கேமராவைக் காணாது. மின்சாரத்தை நிறுத்தாமல் கேபிளைச் செருகவோ எடுக்கவோ கூடாது. உடலில் தங்கும் நிலைமின்னும் உணரியைக் கெடுக்கும் என்பதால், முதலில் நிலத்தோடு இணைந்த உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுக்கொள்வது நல்லது. பை ஸீரோவிலும் ஐந்தாம் தலைமுறைப் பையிலும் கவ்வி சிறியது, 22 கம்பிகள் கொண்டது. அதற்கேற்ற கேபிள் தனியே வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் படம் வராவிட்டால், மாட்யூலின் முகப்பில் உணரியைப் பலகையோடு இணைக்கும் குட்டி இணைப்பான் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

முதல் மாட்யூலில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. கேமரா இயங்கும்போது எரியும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதை அணைக்கவும் முடியும். இரவில் பறவைகளைப் படமெடுப்பவர்களுக்கு அந்த வசதி தேவைதான். 2016இல் வந்த இரண்டாம் மாட்யூலில் விளக்கே இல்லை. எதிரில் இருப்பவருக்குத் தாம் படமாக்கப்படுவது தெரிய வேண்டும் என்பது சிறிய செய்தி அன்று. வீட்டு வாசலிலோ வகுப்பறையிலோ இதைப் பொருத்தும் மாணவர், ஒரு எல்.இ.டி.யைத் தாமே சேர்த்துவிடுவது நாகரிகம்.

2013 அக்டோபரில், அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி இல்லாத நோயிர் என்ற வகையும் வந்தது. அகச்சிவப்பு விளக்கோடு சேர்த்தால் இருட்டிலும் பார்க்கும். 2015 டிசம்பரில் இரண்டு ராஸ்பெரி பை கணினிகள் பள்ளி மாணவர்களின் நிரல்களை இயக்குவதற்காகப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றன. ஒன்றில் சாதாரணக் கேமரா, மற்றொன்றில் நோயிர்.

ஒளிக்கும் சிலிக்கானுக்கும் உள்ள பழைய உறவு அதே 2015இல் எதிர்பாராத வகையில் தலைகாட்டியது. புதிதாக வந்த இரண்டாம் தலைமுறைப் பையைச் செனான் மின்னொளியோடு சிலர் படமெடுத்தபோது, கணினி சட்டென்று அணைந்து மீண்டும் தொடங்கியது. மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு சில்லு உறையின்றிப் பலகையில் அமர்ந்திருந்தது. கடும் ஒளி பட்டதும் அதில் தவறான மின்னோட்டம் பிறந்தது. சைக்ளோப்ஸ் செய்தவர்கள் விரும்பிச் செய்ததை இந்தச் சில்லு விரும்பாமல் செய்துவிட்டது. சிறிது பசைக்களிமண்ணால் மூடினால் போதுமாக இருந்தது.

மூடிய பெட்டியும் திறந்த நிரலும்

உணரியிலிருந்து வருவது நாம் காணும் படம் அன்று. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை மட்டுமே அறியும். கோடாக்கின் பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணித்து, ஓரங்களின் மங்கலைச் சரிசெய்து, வெண்மையை ஒத்திசைத்து, ஒளியளவைத் தீர்மானிக்க வேண்டும். ராஸ்பெரி பையில் இவ்வளவையும் செய்தது வரைகலைச் செயலி. அதன் நிரல் மூடியது. வேறொரு உணரியை வாங்கிப் பொருத்தலாம் என்றால், அந்த மூடிய நிரலுக்கு அதைத் தெரியாது. போதாக்குறைக்கு இரண்டாம் மாட்யூலில், அசல் பலகைதானா என்று சரிபார்க்க ஒரு குறியாக்கச் சில்லும் சேர்க்கப்பட்டது. போலிகளைத் தடுப்பது விற்பவரின் உரிமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கற்பதற்காகச் செய்த கணினியில் கேமரா மட்டும் படிக்க முடியாத பாடமாக நின்றது.

2018இன் இறுதியில் லிப்கேமரா என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் அறிவிக்கப்பட்டது. ராஸ்பெரி பை 2020இல் அதை ஏற்று, 2021 நவம்பரில் தன் இயங்குதளத்தின் வழக்கமான கேமரா மென்பொருளாகவும் ஆக்கியது. பழைய கட்டளைகளும் பைத்தான் நிரல்களும் அப்படியே ஓடவில்லை. எட்டு ஆண்டுகளாக எழுதிய பாடக்குறிப்புகள் ஒரே நாளில் பழசாயின. பயனர்கள் பலர் கடிந்துகொண்டனர், அதில் நியாயமும் இருந்தது. மாற்றுப் பைத்தான் நூலகத்தின் முதல் வடிவம் வர 2022 ஆயிற்று. இன்றும் இணையத்தில் கிடைக்கும் பழைய செய்முறைகளைப் பின்பற்றி, கட்டளை இயங்கவில்லையே என்று மாணவர்கள் விழிப்பதற்கு இதுவே காரணம். செய்முறை 2021க்கு முந்தையதா என்று முதலில் பாருங்கள்.

அந்தத் தொல்லைக்கு ஈடாகக் கிடைத்தது பெரிது. ஒளியளவு, வெண்மைச் சமநிலை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் நிரல் இப்போது எவரும் படிக்கக்கூடியது. ஒவ்வோர் உணரிக்கும் உரிய அளவுகள் சாதாரண உரைக் கோப்பில் உள்ளன. வில்லையின் ஓரத்தில் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் அட்டவணையைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றி, படம் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். குறியாக்கச் சில்லு இல்லாத பலகைகளும் வேலை செய்கின்றன. 2023 ஜனவரியில் தானே குவியம் கொள்ளும் மூன்றாம் மாட்யூல் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகளோடு வந்தது. விலை பத்தாண்டுக்கு முன் இருந்த அதே 25 டாலர்.

இதைவிட மலிவான வழி, நம் ஊர்க் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32-கேம் பலகை. 20 இலட்சம் புள்ளிகள் கொண்ட இதன் உணரி, படத்தைச் சுருக்கி ஜேபெக் வடிவில் தருவதையும் தானே செய்துவிடுகிறது. ஆகவே சிறு செயலியே போதும். இதைக் கொண்டு செய்பவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல் கேமராவில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. வைஃபையும் கேமராவும் ஒருசேர இயங்கும்போது மின்னழுத்தம் சரிந்து பலகை திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும். மெல்லிய கம்பியையும் வலுவற்ற மின்வழங்கியையும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லினக்ஸ் கருவில் உள்ள படவுணரி இயக்கிகளை ஆர்வமுள்ள மாணவர்கள் படித்துப் பார்க்கலாம். கேமராவை எழுப்புவது, அளவைத் தேர்வது, ஒளியேற்கும் நேரத்தைக் கூட்டுவது எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும. நடுவே, உணரியின் இன்ன பதிவகத்தில் இன்ன எண்ணை எழுது என்று நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் பல எண்களுக்கு எந்த விளக்கமும் இராது. உணரியைச் செய்தவர்கள் கொடுத்த பட்டியல் அது; அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது.